குழந்தை உள்ளத்திற்கு மருந்து கண்ட மாண்டிசோரி அம்மையார்

உடல் நோய்க்கு மருத்துவமனை உண்டு. கண்ணுக்கும் பல்லுக்கும் தனித்தனியே மருத்துவர்கள் உண்டு. ஆனால் ஐந்து வயதுக் குழந்தையின் உள்ளம் நொந்து போனால் அதனை எங்கே அழைத்துச் செல்வது? தன் வேதனையை வாய் திறந்து சொல்லத் தெரியாத வயது அது. சொல்லத் தெரியாததனால் வேதனையே இல்லை என்று பெரியவர்களாகிய நாம் முடிவு கட்டிவிடுகிறோம். சின்னப் பிள்ளைக்கு என்ன கவலை இருக்கப் போகிறது என்பது நம் வீடுகளில் நாள்தோறும் காதில் விழும் பேச்சு அல்லவா?

அது தவறு என்று வாழ்நாள் முழுவதும் உலகிற்கு எடுத்துக் காட்டியவர் ஒரு பெண் மருத்துவர். இத்தாலி நாட்டில் பிறந்து, நம் சென்னை அடையாற்றில் தங்கிப் பணியாற்றி, நெதர்லாந்து நாட்டில் மறைந்த மரியா மாண்டிசோரி அம்மையாரே அவர். அவர் பெயரைக் கேட்டவுடன் கட்டணம் மிகுந்த மழலையர் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். செம்பரம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வழியாகப் பேருந்தில் கல்லூரிக்கு வரும் நானும் அத்தகைய பலகைகளை அன்றாடம் காண்கிறேன். ஆனால் அம்மையார் தம் பணியைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளிடம் தொடங்கவில்லை. யாரும் ஏறெடுத்துப் பாராத பிள்ளைகளிடம்தான் தொடங்கினார்.

இளமையும் கல்வியும்

மரியா 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். தாய் நூல்களில் நாட்டம் உடையவர். குடும்பம் பின்னர் ரோம் நகரில் குடியேறியது. பெண்கள் ஆசிரியப் பணிக்கு மட்டுமே ஏற்றவர்கள் என்று கருதப்பட்ட அந்நாளில், மரியா பொறியியல் கற்கும் விருப்பத்தோடு தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் அவ்விருப்பம் மருத்துவத்தின்பால் திரும்பியது. தந்தைக்கு அதில் உடன்பாடு இல்லை. தாயோ மகளுக்குத் துணை நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் அவர் பட்ட துன்பங்கள் சிறியன அல்ல. ஆண்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பயில்வது பெண்ணுக்குத் தகாது என்று தடுத்தனர். மற்றவர்கள் எல்லாம் சென்ற பின், மாலை வேளையில், அறுவைக் கூடத்தில் தன்னந்தனியே அவர் பயில வேண்டியிருந்தது. அத்தனையையும் தாங்கி 1896ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்கள் சிலருள் அவரும் ஒருவர்.

வெற்று அறையில் கண்ட உண்மை

பட்டம் பெற்ற பின் பல்கலைக்கழக மனநோய்ப் பிரிவில் பணி கிடைத்தது. அதன் பொருட்டு மனநோய் விடுதிகளுக்குச் சென்றபோது, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்ததைக் கண்டார். உணவு முடிந்தவுடன் அக்குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளுக்குப் பாய்ந்தனர். பராமரித்தவர்க்கு அது வெறும் பேராசையாகத் தெரிந்தது. மரியாவோ அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர்களைத் தவிர அங்கே எதுவும் இல்லை. தொடவும் உருட்டவும் கையில் வைத்துப் பார்க்கவும் ஒரு பொருள்கூட இல்லை. அக்குழந்தைகளின் பசி வயிற்றுப் பசி அன்று. கைகளின் பசி, உள்ளத்தின் பசி என்று அவர் உணர்ந்தார்.

இட்டார், செகான் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஆழ்ந்து கற்றார். 1900ஆம் ஆண்டு ரோமில் தொடங்கப்பட்ட தனிப் பயிற்சிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். கையால் தொட்டு, பிரித்து, அடுக்கிப் பயிலும் பொருள்களைக் கொண்டு அக்குழந்தைகளைப் பயிற்றுவித்தார். அவர்களுள் சிலர் பொதுப் பள்ளித் தேர்விலே தேறினர். நாடே வியந்து பாராட்டியது. அம்மையாருக்கோ வேறொரு கவலை பிறந்தது. குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு முன்னேற முடியுமானால், குறையற்ற குழந்தைகள் பள்ளிகளில் அவர்களுக்கு இணையாக மட்டுமே நிற்பானேன் என்பதே அக்கவலை.

இந்தக் காலத்திலேதான் அவருடைய சொந்த வாழ்விலும் ஒரு பெருந்துயர் நேர்ந்தது. 1898இல் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணமின்றிப் பிறந்த குழந்தையை ஊரறிய வளர்த்தால் பணியையே இழக்க நேரும் நிலை. நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் மகனை ஒப்படைத்துவிட்டு, அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். பிள்ளை பதினைந்து வயதை எட்டும் வேளையிலேதான் தாயும் மகனும் ஒன்று சேர்ந்தனர். உலகத்துக் குழந்தைகளுக்காக உழைத்த அந்தத் தாய், தம் குழந்தையின் மழலையை அருகிருந்து கேட்கவில்லை. பிற்காலத்தில் அந்த மகனே அவருக்கு வலக்கரமாக விளங்கினார்.

சேரியில் மலர்ந்த குழந்தைகள் இல்லம்

ரோம் நகரின் சான் லோரன்சோ பகுதி அந்நாளில் வறியவர் வாழ்ந்த இடம். அங்கே குடியிருப்புகளைச் செப்பனிட்ட நிறுவனத்திற்கு ஒரு தொல்லை. தாய் தந்தையர் வேலைக்குச் சென்ற பின், பிள்ளைகள் படிக்கட்டுகளையும் சுவர்களையும் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அம்மையார் அப்பொறுப்பை ஏற்று, 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அழுதும் மிரண்டும் நின்ற பிள்ளைகள்.

அங்கே நிகழ்ந்தவை பெரியவர்களைத் திகைக்க வைத்தன. ஒரு சிறுமி மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். சுற்றிலும் மற்றவர் பாடியபோதும் அவள் கவனம் கலையவில்லை. முடித்தபோது அவள் முகத்தில் களைப்பு இல்லை. நல்லுறக்கத்திலிருந்து எழுந்தவள் போன்ற தெளிவே இருந்தது. இன்னொரு நாள் கைக்குட்டையால் ஓசையின்றி மூக்கைத் துடைப்பது எப்படி என்று அம்மையார் செய்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பரித்தனர். மூக்கொழுகுகிறது என்று எப்போதும் ஏச்சு வாங்கிய பிள்ளைகளுக்கு, ஏசாமல் செய்து காட்டிய முதல் ஆள் கிடைத்த மகிழ்ச்சி அது!

தரை பெருக்குதல், செடிக்கு நீர் ஊற்றுதல், உணவு பரிமாறுதல், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குப் பொத்தான் மாட்டி விடுதல் ஆகியவையே அவர் பள்ளிகளில் பாடங்கள் ஆயின. தண்டனையும் இல்லை; பரிசும் இல்லை. பலரும் கூடி வாழும் ஒரு சிற்றூராகவே வகுப்பறை மாறியது.

மெசினாவின் பிள்ளைகள்

அம்மையாரின் வாழ்வில் என் உள்ளத்தை மிகவும் தொட்ட பகுதி இதுவே. 1908ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் விடியற்காலையில் இத்தாலியின் தென்கோடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலும் பொங்கிக் கரையேறியது. மெசினா நகரம் தரைமட்டமாயிற்று. பல்லாயிரவர் மாண்டனர். இடிபாடுகளிடையே தனித்துக் கிடந்த ஏறத்தாழ 60 குழந்தைகள் ரோமுக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு கன்னியர் மடத்தில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய பெயர் என்ன, பெற்றோர் யார் என்பதே தெரியவில்லை. அவர்கள் பேசவில்லை, சரியாக உண்ணவில்லை, உறங்கவில்லை. இரவு வேளைகளில் அலறலும் அழுகையும் கேட்டன.

அங்கே மாண்டிசோரி முறையில் ஓர் இல்லம் அமைந்தது. குழந்தைகளின் உயரத்திற்கேற்ற மேசைகள், நாற்காலிகள், அவர்களே திறக்கக்கூடிய அலமாரிகள், அழகிய பாத்திரங்கள், ஒரு தோட்டம். நடந்ததை மறந்துவிடு என்று எவரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. மேசையில் தட்டு வைப்பதும், உணவு பரிமாறுவதும், பொருள்களைத் தோட்டத்திற்கு எடுத்துச் சென்று மீண்டும் இடத்தில் வைப்பதும் அவர்களுக்குப் பொறுமையாகக் கற்பிக்கப்பட்டன. படிப்படியாக உணவில் விருப்பம் திரும்பியது. உறக்கம் வந்தது. முகத்தில் சிரிப்பு வந்தது. எல்லாம் இடிந்து போன குழந்தைக்கு, தன் கையால் ஒழுங்குபடுத்தக்கூடிய ஒரு சிறிய உலகம் மீண்டும் கிடைத்தது என்பதே இதன் பொருள் என்று நான் எண்ணுகிறேன்.

இதனை நான் நூலில் படித்தபோது 2015ஆம் ஆண்டின் டிசம்பர் மாதம் கண்முன் வந்தது. எங்கள் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. பெருமழையால் அது நிரம்பி வழியும் நிலையில், டிசம்பர் 1ஆம் நாள் வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அந்நீர் அடையாற்றில் கலந்து, ஏற்கெனவே பெருகியிருந்த வெள்ளத்தோடு சேர்ந்து ஓடியது. அப்போது நான் தொடக்கப் பள்ளி மாணவன். அனகாபுத்தூரில் ஆற்றோரம் குடியிருந்த என் மாமா குடும்பத்தார் உடுத்த துணியோடு எங்கள் வீட்டிற்கு வந்து சேர்ந்தனர். மாமாவின் மகளுக்கு ஆறு வயது. கூரைமேல் மழை விழும் ஓசை கேட்டால் நடுங்குவாள். பெரியவர்கள் போன பொருள்களைக் கணக்கிட்டுக் கொண்டிருந்தனர். என் ஆயாதான் அவளை அழைத்து, ஆட்டுக்குட்டிக்குத் தழை போடும் வேலையைக் கொடுத்தார். நாள்தோறும் அது அவள் பொறுப்பு. சில நாட்களில் குட்டியோடு பேசத் தொடங்கினாள். பிறகு எங்களோடும் பேசினாள். என் ஆயா மாண்டிசோரியின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. ஆயினும் ரோம் மடத்தில் செய்த மருத்துவமும் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்த மருத்துவமும் ஒன்றே எனத் தோன்றுகிறது.

அடையாற்றில் அம்மையார்

உலகப் புகழ் பெற்ற பின்னும் அம்மையாருக்கு நிம்மதி கிட்டவில்லை. முசோலினியின் அரசு தொடக்கத்தில் அவருடைய பள்ளிகளுக்கு ஆதரவு தந்தது. அவரும் அதனை ஏற்றார். ஆனால் பிள்ளைகளைப் போர்வீரர்களாக வார்க்க முனைந்த ஆட்சியோடு அவர் கருத்து நெடுநாள் ஒத்துப்போக இயலவில்லை. 1934இல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. செருமனியிலும் அதே கதி. ஸ்பெயினில் வாழ்ந்தபோது 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது, அங்கிருந்தும் வெளியேறினார்.

பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அழைப்பை ஏற்று 1939ஆம் ஆண்டு தம் 69ஆம் வயதில் மகனுடன் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் பயிற்சி வகுப்பு நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 300 பேர் வந்து கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எங்கள் ஏரியின் உபரி நீர் கலந்து ஓடும் அதே அடையாறு கடலில் சேரும் இடத்தருகே இவ்வகுப்புகள் நடந்தன என்பதை எண்ணும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

1940 சூன் மாதம் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசுக்கு அவர்கள் பகை நாட்டினர் ஆயினர். மரியோவைக் காவல் முகாமில் அடைத்தனர். அம்மையார் அடையாற்றை விட்டு நீங்கலாகாது என்றனர். ஆகஸ்டு 31ஆம் நாள் அவருடைய 70ஆம் பிறந்த நாளுக்குப் பரிசாக மகனை விடுவித்தனர். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தபோது, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து, செடி கொடிகளையும் கற்களையும் நேரிற் கண்டு கற்கும் முறையை வளர்த்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார்.

நாம் செய்யக்கூடியது

அவர் விதைத்த விதை நம் அரசுப் பள்ளிகளையும் எட்டியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08ஆம் கல்வியாண்டில் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் அவர் முறையின் சாயல் உண்டு. பாயில் வட்டமாக அமர்ந்து அட்டைகளைக் கொண்டு படித்ததும், எங்கள் கைக்கெட்டும் உயரத்தில் இருந்த கரும்பலகையில் எழுதியதும் எனக்கு நன்கு நினைவிருக்கின்றன.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஆண்டுதோறும் சிற்றூர்களுக்குச் செல்கிறோம். ஏழு நாட்கள் தங்கிப் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்து, மரக்கன்று நட்டுத் திரும்புகிறோம். நாம் நட்ட கன்றுக்கு நாம் திரும்பிய மறுநாள் நீர் ஊற்றுபவர் யார்? கன்றுக்கு ஒரு பிள்ளை வீதம் நட்டு, அதனை அப்பிள்ளையிடமே ஒப்படைத்தால் என்ன? மதிய உணவு பரிமாறுவதில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் துணை நின்றால் என்ன? நூலக அலமாரியின் சாவியை வாரம் ஒரு பிள்ளை வைத்திருந்தால் என்ன? இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஆசிரியப் பெருமக்கள் இசைந்து, நாம் சற்றுப் பொறுமையோடு செய்து காட்டினால் போதும்.

தந்தையின் குடியால் வீட்டில் அமைதி இழந்த பிள்ளை, தாயை இழந்த பிள்ளை, வெள்ளத்தைக் கண்டு அஞ்சிய பிள்ளை ஆகிய அனைவரும் நம் பள்ளிகளில் இருக்கின்றனர். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தன்னை நம்பி ஒரு வேலை காத்திருக்கிறது, தன் வருகையை எதிர்பார்த்து ஒரு சிறு கூட்டம் இருக்கிறது என்ற நினைவோடு காலையில் பள்ளிக்கு வரும் பிள்ளையின் உள்ளம் எளிதில் உடையாது. மாண்டிசோரி அம்மையாரின் நெடிய வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.