உளநூல் அறிஞர் ரிவர்ஸ்

போடிநாயக்கனூருக்கு மேற்கே ஓங்கி நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் சரிவுகளில் ஏலச்செடிகள் செழித்து வளர்கின்றன. காலையில் மலையேறிச் சென்று காயெடுப்போர் பலர் மாலையில் ஊர் திரும்புகின்றனர். அவர்களுள் ஒருவர்க்கு உடலில் புண் உண்டானால் மருத்துவரிடம் காட்டத் தயங்கார். உள்ளத்தில் புண் உண்டானாலோ, வாய் திறந்து சொல்ல அஞ்சுவர். சொன்ன சொல் ஊரெங்கும் பரவிவிடுமோ என்பதே அவ்வச்சம். ஆதலின், பிறர் உள்ளத்தைக் கேட்டறியும் தொழிலை மேற்கொண்டோர்க்குக் கல்வி மட்டும் போதாது. நம்பிக்கைக்கு உரியவராகவும் இருத்தல் வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்நாளில் படிப்படியாக உணர்ந்தவர் ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர். அவர் அதனை உணர்ந்த இடங்களுள் ஒன்று, இதே மலைத்தொடரின் வடபால் உள்ள நீலகிரியாகும்.

ரிவர்ஸ் 1864 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்தில் பிறந்தார். அவர்தம் தந்தையார் சமய குரு. திக்குவாய் உடையோர்க்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதிலும் வல்லவர். எனினும், மகனுடைய திக்குவாய் முற்றும் நீங்கவில்லை. சொல்ல விரும்பியதைச் சொல்ல இயலாதவர் படும் துன்பத்தை ரிவர்ஸ் இளமையிலேயே அறிந்திருந்தார். மருத்துவம் பயின்று 1886 இல் பட்டம் பெற்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் உளநூல் கற்பித்தார்.

1901 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நீலகிரிக்கு வந்து, தோடர்தம் மந்துகளுக்குச் சென்று, அவர்களுடைய காட்சித் திறனையும் வழக்கங்களையும் ஆராய்ந்தார். எருமைகளைப் போற்றி வாழும் அம்மக்கள் தம் பாற்கோயில்களைப் பற்றிய மறைபொருள்கள் சிலவற்றையும் அவருக்குக் கூறினர். அங்ஙனம் கூறியோருள் சிலர்க்கு நோயும் குடும்பத்தில் சாவும் நேர்ந்தன. மறைபொருளை வெளியிட்டமையால் தெய்வம் சினந்தது என்று குறி சொல்வோர் உரைத்தனர். அதன்பின் சிலர் வாய் திறக்க மறுத்தனர். இச்செய்தியை ரிவர்ஸ் மறைக்கவில்லை. 1906 இல் தோடரைப் பற்றித் தாம் வெளியிட்ட பெருநூலில் அதனையும் எழுதி வைத்தார். கேட்பவர்க்குக் கிடைப்பது அறிவு. சொல்பவர்க்கு நேர்வதோ துன்பமாகவும் இருக்கலாம். கேள்வி கேட்குமுன் அதன் விளைவைச் சொல்பவர்க்கு விளக்கி, அவர்தம் இசைவைப் பெறுதல் வேண்டும் என்பது இன்று அத்தொழிலின் நெறியாக உள்ளது.

நரம்பு அறுபட்டால் உணர்ச்சி எவ்வாறு மீளும் என்பதை ஆராய ரிவர்ஸும் அவர்தம் நண்பர் ஹென்றி ஹெட் என்னும் மருத்துவரும் விரும்பினர். அதற்காக அவர்கள் ஏழை நோயாளி ஒருவரைத் தேடவில்லை. 1903 இல் ஹெட் தம் கை நரம்பையே அறுக்கச் செய்தார். ரிவர்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அக்கையைச் சோதித்து வந்தார்.

1914 இல் முதல் உலகப் போர் மூண்டது. குண்டு வெடிப்பின் நடுவே கிடந்த வீரர் பலர் உறக்கம் இழந்தனர். சிலர் பேச்சும் இழந்தனர். அவர்களைக் கோழைகள் என்று பழித்தவர் பலர். மின்னோட்டம் பாய்ச்சிப் பேசவைத்த மருத்துவரும் இருந்தனர். 1916 முதல் ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் பணிபுரிந்த ரிவர்ஸ், அவ்வாறு செய்யவில்லை. அச்சத்தை உள்ளே அடக்கிவைக்காமல் சிறிது சிறிதாக எடுத்துரைக்கும்படி அவர்களைத் தூண்டி, பொறுமையுடன் கேட்டார். ஓர் அதிகாரிக்கு இம்முறை பயன்படாது எனக் கண்டபோது அதனையும் ஒளிக்காமல் எழுதினார். தம் திறமையின் எல்லையை ஒப்புக்கொள்ளுதலும் கடமையே அன்றோ!

1917 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சசூன் என்னும் கவிஞர் அங்கு அனுப்பப்பட்டார். அவர் வீரத்திற்குப் பதக்கம் பெற்ற அதிகாரி. போரை நீட்டிப்பது முறையன்று என அறிக்கை விடுத்தவர். அவருக்கு மனநோய் இல்லை என்பதை ரிவர்ஸ் கண்டார். ஆயினும், ரிவர்ஸ் படை மருத்துவர். வீரரைப் போர்க்களத்திற்குத் திருப்பி அனுப்புவதே அவர்க்கு இடப்பட்ட பணி. குணப்படுத்தினால் களத்திற்கு அனுப்ப வேண்டும். களத்திற்கு அனுப்பினால் இறக்கவும் நேரலாம். அரசுக்கு உரிய கடமை ஒருபுறம், நோயாளிக்கு உரிய கடமை மறுபுறம். இவ்விரண்டின் போராட்டம் அவர்தம் கனவிலும் தோன்றியது. அக்கனவை அவர் ஆராய்ந்து எழுதியபோது, சசூனின் பெயரை மறைத்து ஓர் எழுத்தால் மட்டுமே குறித்தார். சசூன் நவம்பரில் தாமே இசைந்து படைக்குத் திரும்பினார். மறு ஆண்டு தலையில் குண்டுக் காயம் பட்டும் உயிர் பிழைத்தார். தம் மருத்துவரை இறுதிவரை அன்புடன் நினைந்தார்.

ரிவர்ஸ் 1922 ஆம் ஆண்டு சூன் 4 ஆம் நாள் கேம்பிரிட்ஜில் காலமானார். கனவு பற்றிய அவர்தம் நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

மனநலம் நாடி வருவோர் கூறுவதைப் பிறர்க்கு வெளியிடலாகாது என்பது இந்தியாவில் 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. பிறர்க்குத் தீங்கு நேராமல் காத்தல் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. ஏலமலைச் சரிவில் உழைப்பவர் ஆயினும், போர்க்களம் கண்ட வீரர் ஆயினும், ஒருவர் திறந்து காட்டிய உள்ளம் கேட்டவரிடம் விடப்பட்ட அடைக்கலப் பொருள். அதனைக் காப்பவரே உள்ளத்தின் மருத்துவர் ஆவர்.