ஏன் என்று கேட்ட மருத்துவர்

லண்டன் மாநகரின் கிரேட் ஆர்மண்ட் தெருவில் குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்று உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த ஓர் ஆண் குழந்தையிடம் வியப்பான அறிகுறி ஒன்று காணப்பட்டது. அவனுக்குக் கட்டிய துணியில் சிறுநீர் பட்ட இடமெல்லாம் கறுத்துப் போயிற்று. இக்குறைபாடு உடைய குழந்தைகள் மற்றபடி நலமாகவே இருப்பார்கள். அதனால், மருத்துவர்கள் பலர் இதனை ஒரு விந்தையாகப் பார்த்துவிட்டுக் கடந்து சென்றனர். ஆனால், அங்குப் பணிபுரிந்த ஒரு மருத்துவர் ‘ஏன்?’ என்று கேட்டார். அவர்தான் ஆர்ச்சிபால்ட் கேரொட்.

கேரொட் 1857ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் லண்டனில் பிறந்தார். அவருடைய தந்தையும் புகழ்பெற்ற மருத்துவர். மூட்டுகளைத் தாக்கும் ஒருவகை வாத நோய்க்கும் இரத்தத்தில் மிகும் யூரிக் அமிலத்திற்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவர் அவர். நோயை வேதியியல் வழியாகவும் ஆராயலாம் என்பதைக் கேரொட் தம் வீட்டிலேயே கற்றுக்கொண்டார். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்ற அவர், பின்னர் மருத்துவரானார். சிறுநீருக்கு நிறம் தரும் பொருள்களை ஆராய்வதில் அவருக்கு மிகுந்த ஆர்வம் இருந்தது. எனவே, கறுத்த துணியை அவரால் அலட்சியப்படுத்த முடியவில்லை.

அக்குழந்தைக்கு இருந்த குறைபாட்டின் பெயர் அல்காப்டனூரியா. ஏறத்தாழ 250,000 பேரில் ஒருவருக்கோ அதனினும் குறைவானோருக்கோதான் இது ஏற்படுகிறது. குடலில் வாழும் கிருமிகளே இதற்குக் காரணம் என்று அக்கால மருத்துவர்கள் எண்ணினர். கேரொட்டுக்கு அதில் ஐயம் எழுந்தது. கிருமியால் வரும் நோய் என்றால் அது இடையில் தொற்றியிருக்க வேண்டும். வந்த நோய் ஒருநாள் போகவும் வேண்டும். இதுவோ வாழ்நாள் முழுவதும் மாறாமல் இருந்தது.

உண்மையை அறிய அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. 1901ஆம் ஆண்டில் அதே குடும்பத்தில் மற்றொரு குழந்தை பிறந்தது. அதன் துணிகளைத் தொடக்கத்திலிருந்தே கவனிக்குமாறு கேரொட் ஏற்பாடு செய்தார். பிறந்த சில நாள்களுக்குள்ளேயே துணியில் கறை தென்பட்டது. குறைபாடு பிறவியிலேயே அமைந்தது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. மேலும் ஒரு செய்தியும் அவர் கவனத்தை ஈர்த்தது. அக்குழந்தைகளின் தாயைப் பெற்றவரும் தந்தையைப் பெற்றவரும் உடன்பிறந்த சகோதரிகள். இதே குறைபாடு கொண்ட வேறு சில குடும்பங்களிலும் பெற்றோர் நெருங்கிய உறவினராகவே இருந்தனர்.

கிரகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்டறிந்த மரபு விதிகள், பல்லாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்து, 1900ஆம் ஆண்டில்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. அவ்விதிகளைக் கொண்டு இப்புதிரை விளக்கலாம் என்று வில்லியம் பேட்சன் என்னும் அறிஞர் சுட்டிக்காட்டினார். நலமாக இருக்கும் தாயும் தந்தையும் ஒரே குறையைத் தங்களுக்குள் மறைவாகச் சுமந்திருக்கலாம். இருவரிடமிருந்தும் அக்குறையைப் பெறும் பிள்ளையிடம் மட்டுமே அது வெளிப்படும். பெற்றோர் உறவினராக இருந்தால், முன்னோர் ஒருவரிடமிருந்து இருவருக்கும் அதே குறை வந்திருக்க வாய்ப்பு அதிகம். கேரொட் தம் ஆய்வை 1902ஆம் ஆண்டில் வெளியிட்டார். மனித நோய் ஒன்றை மெண்டலின் விதிகளோடு இணைத்த முதல் ஆய்வு அது.

அவர் அதோடு நின்றுவிடவில்லை. நாம் உண்ணும் புரதம் உடலில் படிப்படியாகச் சிதைக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி வேலை செய்கிறது. ஒரு நொதி இல்லாவிட்டால் அந்தப் படியோடு வேலை நின்றுவிடும். சிதையாத பொருள் தேங்கிவிடும். அல்காப்டனூரியாவில் தேங்கும் பொருள் சிறுநீரோடு வெளியேறி, காற்றுப் பட்டதும் கறுக்கிறது. 1908ஆம் ஆண்டில் ஆற்றிய உரைகளில் இக்கருத்தை விளக்கிய கேரொட், மறு ஆண்டில் அவற்றை நூலாக வெளியிட்டார். ‘பிறவியிலேயே அமைந்த வளர்சிதை மாற்றப் பிழைகள்’ என்பது அந்நூல் தலைப்பின் பொருள். முகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதுபோல் உடலின் வேதியியலும் வேறுபடும் என்பது அவர் கொள்கை.

ஆயினும், அக்காலத்தில் அக்கொள்கைக்குச் செவிசாய்த்தவர்கள் சிலரே. மருத்துவர்களுக்கு அது பயனற்ற அரிய நோய்களைப் பற்றிய பேச்சாகத் தோன்றியது. மரபியல் அறிஞர்களோ மருத்துவ நூல்களை அதிகம் படிக்கவில்லை. இதற்கிடையே முதல் உலகப்போர் மூண்டது. கேரொட்டின் மகன்கள் இருவர் போரில் உயிரிழந்தனர். போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டில், மூன்றாம் மகனும் சளிக்காய்ச்சல் கொள்ளைநோய்க்குப் பலியானார். மகள் டாரதி மட்டுமே எஞ்சினார். அத்தனை துயரத்திற்குப் பிறகும் கேரொட் பணியைக் கைவிடவில்லை. 1920ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபர்டில் மருத்துவப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1931ஆம் ஆண்டில், தம் எழுபதாம் வயதைக் கடந்த நிலையிலும், இன்னொரு நூல் எழுதினார். 1936ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் அவர் காலமானார். மகள் டாரதி தொல்லியல் அறிஞராகி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியராக உயர்ந்ததைக் காண அவர் உயிரோடு இல்லை.

தம் கருத்து வென்றதையும் அவர் காணவில்லை. மரபணுக்களே நொதிகளின் செயலைக் கட்டுப்படுத்துகின்றன என்பதை அமெரிக்க அறிஞர்கள் பீடிலும் டேட்டமும் 1941ஆம் ஆண்டில் ஆய்வின்மூலம் காட்டினர். அதற்காக 1958ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றபோது, இதை முன்பே உணர்ந்தவர் கேரொட் என்பதைப் பீடில் நினைவுகூர்ந்தார். அதே ஆண்டில், அல்காப்டனூரியா உடையவரின் கல்லீரலில் குறிப்பிட்ட நொதி செயல்படவில்லை என்பதும் உறுதியாயிற்று. கேரொட் பெரிதும் தீங்கற்றது எனக் கருதிய இக்குறைபாடு, வயது ஏற ஏற முதுகெலும்பையும் மூட்டுகளையும் பாதிக்கும் என்பதையும் இன்று நாம் அறிவோம்.

இன்று பல நாடுகளில், பிறந்த குழந்தையின் குதிகாலில் சில துளி இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். பினைல்கீட்டோனூரியா போன்ற குறைபாடு இருப்பது தெரிந்தால், தகுந்த உணவின்மூலம் குழந்தையின் மூளையைப் பாதிப்பிலிருந்து காக்க முடிகிறது. பலர் பொருட்படுத்தாத ஒரு கறையைப் பொறுமையோடு ஆராய்ந்த மருத்துவரின் பணியும் அச்சோதனைக்கு அடித்தளமாக அமைந்தது.