உயிரின் ஏட்டைக் கண்டெடுத்த மீஷர்

அறிவுலகில் சிலர் விதைத்துச் செல்வர். அவ்விளைவை அவர்தம் கண்கள் காண்பதில்லை. அத்தகையோருள் ஒருவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பிரீட்ரிக் மீஷர். இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்துள்ள டி.என்.ஏ. என்னும் பொருளை உலகில் முதன்முதல் பிரித்தெடுத்தவர் இவரே. நம் சங்க மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு இப்பெரியாரின் வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

மீஷர் 1844-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் ரைன் நதிக்கரையிலுள்ள பாசல் நகரில் பிறந்தார். தந்தையார் மருத்துவப் பேராசிரியர். தாய்மாமன் வில்ஹெல்ம் ஹிஸ் பெயர்பெற்ற உடற்கூற்று அறிஞர். மீஷரும் மருத்துவமே பயின்று 1868-இல் பட்டம் பெற்றார். ஆயினும், இளமையில் கண்ட கடுங்காய்ச்சல் அவரது செவிப்புலனைக் குறைத்திருந்தது. நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டறிய வேண்டிய தொழிலுக்கு அது பெருந்தடையன்றோ? உடலின் நுண்மைகளை இனி வேதியியலே விளக்கவல்லது என்று கருதிய மாமன், மருமகனை அத்துறையில் செலுத்தினார். ஒரு வாயில் அடைபட, மற்றொரு வாயில் திறந்தது.

அவ்வாண்டிலேயே மீஷர் ஜெர்மனியிலுள்ள டியூபிங்கன் நகருக்குச் சென்று, ஹோப்பே-ஸைலர் என்னும் பேராசிரியரிடம் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த ஆய்வுக்கூடம் யாது? பழைய கோட்டையொன்றின் சமையலறை! ஆய்வுப் பொருளோ அதனினும் வியப்புக்குரியது. அறுவை மருத்துவமனையில் புண்களுக்குக் கட்டிக் கழற்றி எறிந்த துணிகளிலிருந்த சீழே அது. சீழில் வெள்ளையணுக்கள் மிகுதி. பிறர் மூக்கைப் பொத்தி விலகிச் செல்லும் அத்துணிகளை நாள்தோறும் பெற்று, உப்புக் கரைசலில் அலசி, அணுக்களைச் சிதையாது பிரித்தார். பின்னர், பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சின் என்னும் செரிமானப் பொருளைக்கொண்டு புரதத்தைக் கரைத்து நீக்கி, அணுவின் நடுவேயுள்ள கருவைத் தனியே எடுத்தார்.

1869-இல் அக்கருவினுள் ஒரு புதுப்பொருள் கிடைத்தது. அது காரத்தில் கரைந்தது, அமிலத்தில் வீழ்படிவாயிற்று. புரதத்தைச் செரிக்கும் பெப்சினுக்கு அது மசியவில்லை. அதில் பாஸ்வரம் மிகுந்திருந்தது. ஆகவே, அது புரதமன்று எனத் துணிந்து, கருவில் உறைவது என்னும் பொருள்பட 'நியூக்ளியின்' என்று பெயரிட்டார்.

இருபத்தைந்து வயது இளைஞன் சொல்வதை உலகம் உடனே ஏற்குமா? ஆசிரியரே ஐயுற்றார். மாணவரின் கட்டுரையை நிறுத்தி வைத்து, சோதனைகளைத் தாமே மீண்டும் செய்து பார்த்து, உண்மையெனத் தெளிந்த பின்னரே 1871-இல் அச்சேற்றினார். இடைப்பட்ட காலத்தில் இதே பொருளை வேறொருவர் கண்டு வெளியிட்டிருப்பின் மீஷரின் பெயர் மறைந்தே போயிருக்கும். அந்த அச்சத்தோடு அவர் காத்திருக்க நேர்ந்தது.

1872-இல் பாசல் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியரானார். ரைன் நதியில் முட்டையிட வரும் சாமன் மீன்களின் விந்தணுவில் கருவே பெரும்பகுதி என்பதை உணர்ந்து, அதனை ஆய்ந்தார். பொருள் வெம்மையில் கெடும் தன்மையது. ஆதலின், கடுங்குளிர்க் காலத்தில் சூடேற்றாத அறையில், பலகணிகளைத் திறந்துவைத்து, விடியுமுன்பே பணி தொடங்குவார். உடல்நலத்தை அவர் பொருட்படுத்தவில்லை.

கருவுறுதலுக்குத் தனியொரு பொருளே காரணமாயின் அது நியூக்ளியினாகவே இருக்கலாம் என்று 1874-இல் அவர் எண்ணினார். ஆனால், பல்வேறு உயிர்களில் அது ஒன்றுபோலவே தோன்றக் கண்டு, அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். 1892-இல் மாமனுக்கு எழுதிய கடிதமொன்றில், சில எழுத்துக்களைக்கொண்டே எல்லா மொழிகளின் சொற்களும் அமைவதுபோல, பெரிய மூலக்கூறுகளின் அமைப்பு வேறுபாடுகளால் மரபுப் பண்புகள் அனைத்தும் குறிக்கப்படலாம் எனக் கருத்துரைத்தார். எத்துணைத் தீர்க்கதரிசனம்! ஆயினும், அவர் மனத்தில் கொண்டது புரதம் போன்ற பொருள்களையே. ஏடு ஒரு கையில், எழுத்தைப் பற்றிய கருத்து மறுகையில். இரண்டையும் இணைக்க அவருக்கு வாய்க்கவில்லை. காசநோய் பற்ற, டாவோஸ் மலைநகரில் 1895 ஆகஸ்டு 26-ஆம் நாள், 51-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் விட்ட பணியைப் பிறர் தொடர்ந்தனர். 1889-இலேயே ஆல்ட்மன் அப்பொருளுக்கு நியூக்ளிக் அமிலம் எனப் பெயர் சூட்டியிருந்தார். அதன் உறுப்புக்களை ஆய்ந்த காசல் 1910-இல் நோபல் பரிசு பெற்றார். மரபுப் பண்பைக் கடத்துவது டி.என்.ஏ.வே என்பதை 1944-இல் ஏவரியும் துணைவர் இருவரும் காட்டினர். ரோசலிண்டு பிராங்க்ளின், வில்கின்ஸ் ஆகியோரின் எக்ஸ்-கதிர்ச் சான்றுகள் துணைநிற்க, 1953-இல் வாட்சனும் கிரிக்கும் அதன் வடிவை விளக்கினர்.

அது முறுக்கிய நூலேணி போன்றது. ஏணியின் இரு பக்கங்கள் சர்க்கரையும் பாஸ்பேட்டும். படிகள் நான்கு எழுத்துக்கள்: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். அடினைன் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் மட்டுமே சேரும். ஆகவே ஓர் இழையைக்கொண்டே மற்றதை எழுதிவிடலாம். அணு இரண்டாகப் பிரியும்போது நடப்பதும் இதுவே.

இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இதன் செயல்முறை எம் அலுவலகத்தையே நினைவூட்டுகின்றது. அசல் பதிவேடு அறையை விட்டு வெளிச்செல்லாது. வேண்டிய பக்கத்துக்கு மட்டும் நகலெடுத்து அனுப்புவோம். டி.என்.ஏ. அசல், ஆர்.என்.ஏ. நகல். அந்நகலை மும்மூன்று எழுத்துக்களாகப் படித்துப் புரதங்களைக் கோக்கும் தொழிற்கூடம் ரைபோசோம். அதன் அமைப்பை ஆய்ந்தமைக்காக 2009-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவருள் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பரோடாவுக்குச் சென்று வளர்ந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் ஆவார். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது தனி மகிழ்ச்சி.

மீஷர் புகழைத் தேடவில்லை. பிறர் அருவருத்ததைக் கையிலெடுத்தார்; செவி கேளாமையைக் குறையெனக் கொண்டு சோரவில்லை; ஐயுற்றோர்முன் பொறுமை காத்தார். தாம் கண்டது யாதென முற்றும் அறியாமலே மறைந்தபோதும், கண்டதைப் பிழையின்றிப் பதிவு செய்தார். பின்வந்தோர் கட்டிய மாளிகைக்கு அதுவே அடித்தளமாயிற்று. நம் இளைஞர்கள் கற்கத்தக்கது இவ்வுறுதியே. வாழ்க அவர் புகழ்!