கற்பிக்க வந்து கற்றவர்

நுழையும்முன்

பிறமொழி ஒன்றைக் கற்பது சொற்களை மனப்பாடம் செய்வதோடு முடிவதன்று. அம்மொழி பேசும் மக்களை அறியும் முயற்சியும் அதில் அடங்கும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சமயப்பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்த இளைஞர் ஒருவர், தமிழின் மாணாக்கராகவே தம் நாள்களைக் கழித்தார். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடல் கடந்து வந்தவர்

பர்த்தலோமேயு சீகன்பால்கு, 1682ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஹாலே நகரில் சமயக்கல்வி பயின்ற அவரை, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், டேனியர் வணிகம் நடத்திவந்த தரங்கம்பாடிக்கு அனுப்பினார். உடன்பணியாளர் புளுட்சோவுடன் 1706 ஜூலை 9ஆம் நாள் அவர் அங்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 24.

கோட்டையிலிருந்த அதிகாரிகள் அவ்விருவரையும் மனமுவந்து வரவேற்கவில்லை. கடற்கரை நகரங்களில் ஐரோப்பியர் உள்ளூர் மக்களோடு பேசப் போர்த்துகீசிய மொழியையே பயன்படுத்தினர். அம்மொழியோடு நின்றுவிடின் மக்களின் உள்ளத்தை அறிய இயலாது என்பதைச் சீகன்பால்கு விரைவிலேயே உணர்ந்தார்.

மணலில் எழுதிய மாணாக்கர்

தமிழாசிரியர் ஒருவர், தம் பள்ளியைச் சீகன்பால்குவின் இல்லத்திலேயே நடத்த இசைந்தார். பட்டம் பெற வேண்டிய வயதைக் கடந்த அவ்விளைஞர், சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். எழுத்துகள் கைவந்தன, பொருளோ விளங்கவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. பின்னர், ஐரோப்பிய மொழிகளை அறிந்த அழகப்பன் என்பவரின் துணையால் அத்தடை நீங்கிற்று.

ஒரு நாளின் ஒழுங்கு

காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை, முன்பு குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் அவர் மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்ப்பார். எட்டு முதல் நண்பகல் வரை, அதுவரை படித்திராத தமிழ்ச் சுவடிகளைப் படிப்பார். முதிய புலவர் ஒருவர் அருகிலிருந்து, கடினமான செய்யுள்களைப் பேச்சு வழக்கில் விளக்குவார். புதிய சொற்களை எழுத்தர் ஒருவர் உடனுக்குடன் குறித்துக்கொள்வார். உண்ணும்போதும் ஒருவர் படிக்க, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் படிப்பு நடைபெறும். இரவில் கண்களுக்கு ஓய்வளிக்கும் பொருட்டு, பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். இவற்றுக்கிடையே சமயப்பணியும் பள்ளிப் பணியும் தொடர்ந்தன.

எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார். அவற்றைப் பற்றிய விளக்கப் பட்டியலை 1708இல் தொகுத்தார். அதே ஆண்டில் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

சிறையும் அச்சும்

கணவனை இழந்த பெண்ணொருத்தியின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதால், கோட்டைத் தளபதியின் சினத்திற்கு அவர் ஆளானார். 1708 நவம்பரில் கைது செய்யப்பட்டு, நான்கு மாதங்கள் டேனிஷ் கோட்டையில் சிறைப்பட்டிருந்தார். விடுதலையான பின்னும் அவர் ஊரை விட்டுச் செல்லவில்லை. விட்ட பணியை மீண்டும் தொடங்கினார்.

புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை 1711இல் முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரமும், ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து சேர்ந்தன. அவ்வெழுத்துகள் பெரியனவாக இருந்ததால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே, சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. நூல் 1715இல் அச்சிட்டு முடிக்கப்பெற்றது. இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது.

அச்சேறாத நூல்

தம் சமயத்தைப் பரப்புவதே சீகன்பால்குவின் நோக்கம். அதை அவர் மறைத்ததில்லை. ஆயினும், தாம் மாற்ற விரும்பிய மக்களின் நம்பிக்கைகளை அவர்களிடமே கேட்டறிய முயன்றார். தமிழறிந்தோருக்கு வினாக்களை அனுப்பி விடைமடல்கள் பெற்றார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூலொன்றை 1713இல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஹாலேயின் தலைவர் பிராங்கே அதனை அச்சிட உடன்படவில்லை. பிற சமயத்தை அகற்றச் சென்றவர், அதன் செய்திகளை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என அவர் கருதினார். தம்மை உருவாக்கிய கல்விக்கூடமே தம் உழைப்பின் பயனை ஏற்காத நிலை சீகன்பால்குவுக்கு நேர்ந்தது.

பள்ளிகளுக்கும் கட்டடங்களுக்கும் செய்த செலவு குறித்தும் கோபன்ஹேகனிலிருந்து கடுமையான கண்டனங்கள் வந்தன. நலிந்திருந்த அவருடைய உடல் மேலும் தளர்ந்தது. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், 36ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஒதுக்கப்பட்ட அந்நூல், அவர் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1867இல் சென்னையில் அச்சேறியது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தமிழ் மக்கள் எவற்றைப் படித்தனர், எவ்வாறு வழிபட்டனர் என்பதை அறிய விழைவோர் இன்றும் அவருடைய குறிப்புகளை நாடுகின்றனர். பிறரைத் திருத்த வந்தவர், முதலில் அவர்கள் சொல்வதைச் செவிமடுத்தார். அதனாலேயே அவர் எழுதியவை காலத்தைக் கடந்து பயன் தருகின்றன.