யார் இந்த டிலனாய்? டச்சுக் கைதி திருவிதாங்கூரின் 'வலிய கப்பித்தான்' ஆன கதை

பாறசாலையில் நாகர்கோவில் பஸ் ஏறினால் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர்கள் வரிசையாக வரும். தக்கலையைத் தாண்டினதும் புலியூர்க்குறிச்சியில் ஒரு பழைய கல்கோட்டை நிற்கும். அதுதான் உதயகிரிக் கோட்டை. எல்லையோரத்துப் பெரியவங்களிடம் கேட்டால் டிலனாய் கோட்டை என்றுதான் சொல்வாங்க.

கோட்டைக்குள் கூரை இல்லாத ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. அதற்குள் ஒரு கல்லறை. அதன் மேல் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கும். திருவிதாங்கூரைப் பிடிக்க வந்த படையில் ஒருவராக இறங்கி, தோற்று, கைதியாகி, கடைசியில் அதே நாட்டுக்குப் பெரிய படைத்தலைவரான ஒருவரின் கல்லறை அது.

முழுப்பெயர் யூஸ்டாசியஸ் பெனடிக்டஸ் டி லனாய். குளச்சல் போர் என்றால் இவர் பெயரை நீங்கள் கேட்டிருப்பீங்க. ஆனால் போருக்கு அப்புறம் அவர் செய்த வேலைதான் உண்மையில் பெரிய கதை. துப்பாக்கியும் மருந்தும் குண்டும் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நாடு என்பதை ஒரு சின்ன ராஜ்ஜியம் எப்படிப் புரிந்துகொண்டது என்கிற கதை அது.

எங்கிருந்து வந்தார்?

டிலனாய் பிறந்தது 1715-ல், இன்றைய வட பிரான்ஸில் உள்ள அராஸ் நகரில். கத்தோலிக்கர். பிழைப்புக்காகச் சேர்ந்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில். மிளகு, ஏலம், கிராம்பு வாங்க ஆசியாவுக்குக் கப்பல் அனுப்பிய கம்பெனி அது. வியாபாரம் படியாத இடத்தில் பீரங்கியைக் காட்டவும் அது தயங்காது.

அந்தக் காலத்தில் கேரளக் கடற்கரையில் கொச்சி டச்சுக்காரர் பிடியில் இருந்தது. தெற்கே வேணாடு என்ற சின்ன ராஜ்ஜியம். அதன் அரியணையில் 1729-ல் மார்த்தாண்ட வர்மா ஏறினார்.

நெய்யாற்றின்கரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோவில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு என்ற பழைய பலாமரத்தின் எச்சத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எதிரிகள் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா அந்த மரத்தின் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது ஊர் நம்பிக்கை. எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற செல்வாக்கான குடும்பத் தலைவர்கள்தான் அவருக்கு எதிராக நின்றவர்கள்.

மரப்பொந்தில் ஒளிந்ததாகச் சொல்லப்படும் அந்த இளைஞர், அரசரானதும் பிள்ளைமாரை ஒடுக்கினார். அப்புறம் பக்கத்துச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார். இதுதான் டச்சுக்காரருக்கு இடித்தது. ஆளுக்கு ஒரு சின்ன ராஜா இருந்தால் ஒருவரை ஒருவர் மோதவிட்டு மிளகை மலிவாக வாங்கலாம். ஒரே ராஜா என்றால் விலையை அவர்தான் சொல்வார்.

இலங்கையின் டச்சு ஆளுநர் குஸ்தாஃப் வான் இம்ஹாஃப் 1739-ல் நேரில் வந்து மிரட்டிப் பார்த்தார். மார்த்தாண்ட வர்மா அசையவில்லை. பேச்சு முறிந்து சண்டை தொடங்கியது.

குளச்சலில் என்ன நடந்தது?

டச்சுப் படை குளச்சலில் இறங்கி, கடற்கரையோரம் அரண் அமைத்து உட்கார்ந்தது. அதன் கண் அரசரின் தலைநகரமான பத்மநாபபுரத்தின் மீது. திருவிதாங்கூர்ப் படை அரணைச் சுற்றி வளைத்தது. 1741 ஆகஸ்டில் முடிவு வந்தது.

இந்தத் தோல்வியில் வெடிமருந்துக்கும் ஒரு பங்கு உண்டு. திருவிதாங்கூர்ப் பீரங்கிக் குண்டு ஒன்று டச்சு அரணுக்குள் இருந்த மருந்துப் பீப்பாயில் விழுந்தது, அதில் மூண்ட தீயில் அவர்களின் அரிசி இருப்பும் எரிந்தது என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். மருந்தும் போச்சு, சோறும் போச்சு. சரணடைவதைத் தவிர வேறு வழி இல்லை.

டிலனாய்தான் டச்சுத் தளபதி என்று பல புத்தகங்களில் படித்திருப்பீங்க. டச்சு ஆவணங்களைப் புரட்டிய ஆய்வாளர்கள் சிலர், அவர் அவ்வளவு பெரிய பதவியில் இருக்கவில்லை என்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் உள்ள புகழ்பெற்ற ஓவியம், அவர் அரசர் முன் சரணடைவதைக் காட்டுகிறது. மக்கள் மனதில் நிற்பது அந்த ஓவியம்தான். எப்படி இருந்தாலும் அப்போது அவருக்கு வயது 25.

கைதி எப்படிப் படைத்தலைவர் ஆனார்?

பிடிபட்ட ஐரோப்பியர்களை மார்த்தாண்ட வர்மா கொல்லவில்லை. வேலைக்கு எடுத்துக்கொண்டார். முதலில் அரசரின் மெய்க்காப்பாளர் பிரிவில் சில பேருக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு டிலனாய்க்கு வந்தது. பயிற்சியின் பலனைப் பார்த்த அரசர், அதைப் படை முழுக்கப் பரப்பச் சொன்னார். மக்கள் அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன் என்று அழைத்தார்கள்.

அதுவரை உள்ளூர்ப் படை என்றால் பெரும்பாலும் வாளும் கேடயமும்தான். துப்பாக்கி இருந்தது, ஆனால் ஒழுங்கு இல்லை. டிலனாய் கொண்டுவந்தது ஐரோப்பிய முறை. ஒரு வரிசை சுடும்போது இன்னொரு வரிசை மருந்து நிரப்பும். சூடு விட்டுப்போகாமல் தொடரும். அதோடு உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டினார். உள்ளேயே பீரங்கி வார்க்கும் உலை வைத்தார். கோட்டை ஆயுதக் கிடங்காகவும் ஆனது.

ஒரு சிட்டிகை மருந்தில் அப்படி என்ன இருக்கு?

அந்தக் காலத்துத் துப்பாக்கி எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் இது விளங்கும். குழலுக்குள் கருமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடிக்க வேண்டும். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்ததுதான் கருமருந்து. ஆனால் அது தானாகப் பற்றாது. துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதில் ஒரு சிட்டிகை நுண்மருந்து வைப்பார்கள். தமிழில் அதற்கு ரஞ்சகம் என்று பெயர்.

விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசித் தீப்பொறி கிளம்பும். ரஞ்சகம் பற்றும். அந்தத் தீ ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போகும். அப்புறம்தான் குண்டு பாயும்.

ரஞ்சகம் நனைந்தால் கதை முடிந்தது. கிண்ணத்தில் மட்டும் பற்றி உள்ளே போகாமல் நின்றாலும் குண்டு பாயாது. தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்குகிற ஊரில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசிச்சுப் பாருங்க. மருந்தை உலர்வாக வைப்பது, ஒரே அளவாகப் போடுவது, பதற்றத்தில்கூட வரிசை மாறாமல் செய்வது, இதெல்லாம் வீரத்தால் வராது. பழக்கத்தால்தான் வரும். அந்தப் பழக்கம்தான் பயிற்சி.

மிளகைக் கொடுத்து மருந்து வாங்கிய அரசர்

புதிய படையோடு மார்த்தாண்ட வர்மா வடக்கே நகர்ந்தார். காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று ஒவ்வொன்றாகத் திருவிதாங்கூரில் சேர்ந்தன. கடைசியில் டச்சுக்காரரே சமாதானத்துக்கு வந்தார்கள். 1753-ல் மாவேலிக்கரை ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அரசர் யாரோடு சண்டை போட்டாலும் டச்சுக் கம்பெனி தலையிடாது. இரண்டு, மிளகு தருவதற்கு ஈடாகக் கம்பெனி ஆண்டுக்கு 12,000 ரூபாய் மதிப்புள்ள ஆயுதமும் போர்த் தளவாடமும் தர வேண்டும். 12 ஆண்டுகளுக்கு முன்பு பீரங்கியோடு வந்து இறங்கியவர்கள், இப்போது அதே நாட்டுக்குத் தளவாடம் விற்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

அதே படை, அதே துப்பாக்கி: தேவசகாயம்

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனைப் பணியில் இருந்தவர். டிலனாயோடு பழகினார். அவர் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார்.

பிறகு கைதானார், நாடு கடத்தப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்கிறது திருச்சபை. மதம் மாறியதற்காகவா, வேறு குற்றச்சாட்டுக்காகவா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

சுட்டவர்கள் திருவிதாங்கூர் வீரர்கள். டிலனாய் துப்பாக்கி பிடிக்கப் பழக்கிய அதே படை. அவரால் நண்பரைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் பிறகும் 25 ஆண்டுகள் அவர் அதே அரச குடும்பத்துக்குப் பணி செய்தார். நல்ல ஆயுதத்தைச் செய்து கொடுப்பவருக்கு அது யாரை நோக்கித் திரும்பும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் இருப்பதில்லை. டிலனாயின் வாழ்க்கையில் இது வெறும் தத்துவம் இல்லை, நடந்த விஷயம்.

கடைசிக் காலம்

1758-ல் மார்த்தாண்ட வர்மா இறந்தார். அடுத்து வந்த தர்மராஜா, கார்த்திகைத் திருநாள் ராமவர்மா, டிலனாயைத் தொடர்ந்து வைத்துக்கொண்டார். வடக்கே மைசூர்ப் படையின் அச்சுறுத்தலைத் தடுக்க நெடுங்கோட்டை என்ற நீண்ட மண் அரண் எழுந்தது. அதன் பின்னணியில் இருந்ததும் டிலனாய்தான்.

1765-ல் களக்காட்டுப் போரில் அவருடைய மகன் ஜோஹன்னஸ் இறந்தார். வயது 19. உதயகிரித் தேவாலயத்தில் மகனை அடக்கம் செய்தார். 1777 ஜூன் 1 அன்று டிலனாயும் இறந்து அதே இடத்தில் அடக்கமானார். மனைவி மார்கரெட்டின் கல்லறையும் அங்கேதான்.

1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் படை நெடுங்கோட்டையில் அடிவாங்கித் திரும்பியது. அடுத்த ஆண்டு திப்பு அதை உடைத்தார் என்பதும் உண்மை. 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படை ஆரல்வாய்மொழி வழியாக நுழைந்தது. உதயகிரி பெரிய எதிர்ப்பு இல்லாமல் விழுந்தது. வாழ்நாள் முழுக்க ஒருவர் கட்டின கோட்டை, ஆட்சி தளர்ந்ததும் நிற்கவில்லை.

ரஞ்சகம் இப்போ எங்கே?

டிலனாய் இறந்து 30 ஆண்டு கழித்து, 1807-ல், அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடித்தாலே பற்றும் ரசாயனத்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். சக்கிமுக்கிக் கல்லும் கிண்ணமும் மெல்ல மறைந்தன. இன்றைய தோட்டாவின் அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணி பதிந்திருக்கும். பிரைமர் என்பார்கள். பழைய ரஞ்சகத்தின் வேலையை இன்று செய்வது இதுதான்.

அமெரிக்காவில் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்புவது பலருக்குப் பொழுதுபோக்கு. அங்கே எந்த பிரைமர் வாங்குவது என்பதே பெரிய விவாதம். சின்ன ரைஃபிள் பிரைமரும் சின்னக் கைத்துப்பாக்கி பிரைமரும் ஒரே அகலம்தான், சுமார் 4.45 மில்லிமீட்டர். ஆனால் ரைஃபிளில் அழுத்தம் அதிகம். அதனால் அதன் கிண்ணித் தகடு பொதுவாகத் தடிப்பாக இருக்கும். மாற்றிப் போட்டால் தகடு கிழிந்து சூடான வாயு பின்பக்கம் பீறிடலாம், அல்லது தோட்டா வெடிக்காமலே போகலாம்.

சரி, நம்ம ஊரில் இதை வீட்டில் செய்யலாமா? உரிமம் இல்லாமல் கூடாது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-வது பிரிவின்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குச் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை இன்னும் கடுமை. மருந்து அரசின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று மார்த்தாண்ட வர்மா நினைத்ததையே இன்றைய அரசும் நினைக்கிறது.

டிலனாய் எந்த மாநிலத்துக்காரர்?

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது. கிடைக்கவில்லை. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன.

அதனால் இந்த ஒரு கதை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அரசர் ஒளிந்த பலாமரம் கேரளத்தில். அவருடைய படைத்தலைவரின் கல்லறை தமிழ்நாட்டில், வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவுக்குள். இரண்டுக்கும் நடுவில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நெய்யாற்றின்கரையில் காலையில் தொடங்குங்க. மதியத்துக்கு அரண்மனை. அங்கிருந்து உதயகிரி பக்கம்தான். கல்லறையில் லத்தீன் புரியாவிட்டாலும் பரவாயில்லை, தமிழ் இருக்கிறது.