தரையில் விரித்த வரைபடமும் இப்னு பதூதாவின் வழியும்

கடந்த விடுமுறையில் தவளக்குப்பத்தில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை உலக நாடுகளின் தலைநகரங்களை மூச்சு விடாமல் ஒப்பித்தான். அவனுடைய அத்தா கத்தரில் வேலை செய்கிறார். சுவரில் தொங்கிய வரைபடத்தில் அந்த நாட்டைக் காட்டச் சொன்னேன். விரல் ஆப்பிரிக்காவில் போய் நின்றது. பிள்ளை மேல் குற்றமில்லை. நாம் பெயர்களைக் கற்றுக் கொடுத்தோம், வழியைக் கற்றுக் கொடுக்கவில்லை. அன்று அந்த வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரித்து, இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் வாழ்க்கையை அவன் விரலைப் பிடித்து நகர்த்தியபடியே சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் ஓர் உலக வரைபடமும் கொஞ்சம் தையல் நூலும் இருந்தால் போதும்.

விரலை முதலில் மொராக்கோவின் வடமுனையில் வையுங்கள். அங்கே தன்ஜா என்ற துறைமுகத்தில், காழிகள் பலரைத் தந்த குடும்பத்தில், 1304இல் அவர் பிறந்தார். 1325இல், 21 வயதில், ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியே புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்போது உயிரோடிருந்தார்கள். அந்தப் பிரிவு தனக்கும் அவர்களுக்கும் எவ்வளவு கனத்தது என்பதை முதுமையிலும் அவர் மறக்கவில்லை.

அல்ஜீரியா, துனீசியா, லிபியா, எகிப்து என்று விரல் கிழக்கே போகட்டும். அங்கிருந்து திமிஷ்க், மதீனா, மக்கா. 1326இல் முதல் ஹஜ். அத்தோடு ஊர் திரும்பியிருந்தால் இன்று அவரை யாருக்கும் தெரிந்திருக்காது. இராக், ஈரான், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்காவின் மொகதிஷு, கில்வா, பிறகு துருக்கி, ரஷ்யாவின் புல்வெளிகள் என்று வழி நீண்டது. இந்துகுஷ் மலையைக் கடந்தபோது ஒட்டகங்கள் பனியில் புதையாமலிருக்க அவற்றின் முன்னால் கம்பளித் துணிகளை விரித்து நடத்தினார்கள். பழுப்பு நிறம் உயர்ந்த மலை என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும். அதை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்தக் கம்பளியைச் சொல்லிப் பாருங்கள்.

டெல்லியில் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காழியாக நியமித்தார். சம்பளம் பெரிது, ஆபத்தும் பெரிது. சுல்தானின் கோபத்துக்கு ஆளான ஒரு பெரியவரைச் சந்தித்ததற்காக அவரே காவலில் வைக்கப்பட்டார். தப்பியபின் பதவியை உதறிவிட்டு நோன்பும் வணக்கமுமாக இருந்தார். அவரைத் திரும்ப அழைத்துச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார் அதே சுல்தான்.

கள்ளிக்கோட்டையில் சீனக் கப்பல்கள் பருவக்காற்றுக்காகக் காத்து நின்றன. ஜும்ஆ தொழுகைக்காக அவர் கரையில் தங்கினார். அன்றிரவு புயல். சீன மன்னருக்கான பரிசுப் பொருட்களை ஏற்றிய கப்பல் உடைந்தது. அவருடைய உடைமைகள் இருந்த கப்பல் அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டது. மிஞ்சியது பத்து தீனாரும் ஒரு விரிப்பும். பருவக்காற்று பாடத்தை இதைவிட நன்றாக நடத்த எனக்குத் தெரியாது.

பிறகு மாலத்தீவில் காழிப் பதவி. அங்கிருந்து இலங்கை. புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்தார். அம்மன்னருக்குப் பார்சி மொழி புரிந்தது. அவருடைய உதவியோடு பாவா ஆதம் மலை ஏறி இறங்கினார்.

இப்போது விரலை மெதுவாக நகர்த்துங்கள், நம் கரை வருகிறது. அரபிகள் இதை மஅபர் என்றார்கள். இலங்கையிலிருந்து வந்த கப்பல் கரைக்கு அருகிலேயே உடைந்தது. மற்றவர்களை முதலில் கரைசேர்த்துவிட்டு, உடைந்த கப்பலின் பின்பகுதியிலேயே இரவைக் கழித்தார் அவர். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் அவருக்குச் சகலை முறை. டெல்லியில் மணந்த மனைவியின் சகோதரியைத்தான் இந்தச் சுல்தான் மணந்திருந்தார். ஆகவே வரவேற்பு பலமாக இருந்தது.

ஆனால் அங்கே அவர் கண்டது வேறு. போரில் பிடிபட்ட ஊர்மக்களை, பெண்களையும் குழந்தைகளையும்கூட, சுல்தான் கொடூரமாகக் கொன்றார். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிற்காலத்தில் பயணத்தை எழுத வைத்தபோது, ஆண்டவர் முஸ்லிம் என்றோ உறவினர் என்றோ மறைக்காமல், அது இழிசெயல் என்றே பதிவு செய்தார். இந்தப் பகுதியைப் பிள்ளைகளிடம் தவிர்த்துவிடலாமே என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். சற்று விவரம் தெரிந்த வயதில் சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

மதுரையில் கொள்ளைநோய். அவருக்கும் காய்ச்சல் கண்டது. புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போய், குணமானார். நம் அடுப்படிப் புளிதான்! அந்தப் பிள்ளை இந்த இடத்தில்தான் வாய்விட்டுச் சிரித்தான்.

பிறகு மேற்குக் கடலில் கொள்ளையர்கள் அவரிடமிருந்த அனைத்தையும் பறித்தார்கள். அதில் இலங்கையில் பெற்ற மணிகளும் போயின. அதன் பின்னும் வங்காளம், சுமத்ரா, சீனா. சில இடங்களுக்கு அவர் நேரில் போயிருக்க மாட்டார் என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. வளர்ந்த பிள்ளைகளிடம் அதையும் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில், 1348இல், திமிஷ்கில் தந்தையின் மரணச் செய்தி கிடைத்தது. அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரை நெருங்கியபோது, தாயையும் பிளேக் நோய் கொண்டுபோய்விட்டது என்று தெரிந்தது. தன்ஜாவுக்குப் போய்த் தாயின் கப்ரை ஸியாரத் செய்தார். அத்தா வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லும்போது என் குரலும் கொஞ்சம் தடுமாறியது.

அதன்பின் ஸ்பெயின், சஹாராவைக் கடந்து மாலி. கடைசியில் மொராக்கோ சுல்தானின் கட்டளைப்படி ஃபெஸ் நகரில் தம் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதினார். 1355இல் நூல் முடிந்தது. பாரிஸில் 1853 முதல் 1858 வரை அது அரபு மூலத்தோடும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடும் நான்கு தொகுதிகளாக அச்சானது. பிரெஞ்சு படித்த பெரியவர்கள் இருக்கும் புதுச்சேரி வீடுகளில் இது பயன்படக்கூடிய செய்தி.

நூலை வழி நெடுக ஒட்டவைத்து, பிறகு நிமிர்த்தி அளவுகோலில் வைத்து, வரைபடத்தின் அளவுப்படி கிலோமீட்டராக மாற்றச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1,17,000 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிள்ளைக்குக் குறைவாகத்தான் வரும். ஏன் குறைந்தது என்று அவனிடமே கேளுங்கள். இப்னு பதூதாவின் அந்தப் பெரிய நூலில் அவர் வரைந்த வரைபடம் ஒன்றும் இல்லை. எங்கள் பிள்ளை இப்போது நோட்டில் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறான். கத்தரைச் சிவப்பு மையால் குறித்திருக்கிறான்.