திரைப்படம் முடிந்த இடத்தில் தொடங்கிய வாழ்வு: விழிஞ்ஞத்தை வென்ற ராஜராஜ சோழன்

விழிஞ்ஞம்: சர்வதேசத் துறைமுகமாக 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் அரசர்கள் போட்டியிட்ட துறைமுகமாகும். ஆய் மன்னர்களின் தலைநகராக விளங்கிய இவ்வூரைக் கைப்பற்றியவர்களுள் முதன்மையானவன் முதலாம் ராஜராஜ சோழன்.

மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் பெரும் பொருட்செலவில் வெளியான 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரு பாகங்களும் அவனது இளமைக் காலத்தையே சித்தரித்தன. சித்தப்பா உத்தம சோழனுக்கு அரியணையை விட்டுக்கொடுப்பதுடன் திரைக்கதை நிறைவடைகிறது. கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கூறும் ராஜராஜனின் வரலாறு அதன் பிறகே விரிகிறது.

சுந்தர சோழனுக்கும் வானவன் மாதேவிக்கும் பிறந்த அருள்மொழிவர்மன், அண்ணன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்ட பின்னரும் பல ஆண்டுகள் காத்திருந்து, 985-இல் முடிசூடினான். கொலையில் தொடர்புடையோரின் உறவினர்களது சொத்துகள் அவனது இரண்டாம் ஆட்சியாண்டில் பறிமுதல் செய்யப்பட்டதை, காட்டுமன்னார்கோவில் அருகே உள்ள உடையார்குடிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஆனால், கொலைக்கான காரணத்தை அது கூறவில்லை. நாவலும் திரைப்படமும் தங்கள் கற்பனையால் நிரப்பியது இந்த இடைவெளியைத்தான்.

பாண்டியன் அமரபுஜங்கனை வென்றபின், கடலையே அகழியாகக் கொண்ட விழிஞ்ஞத்தை ராஜராஜனின் படைத்தலைவன் கைப்பற்றியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் குறிப்பிடுகின்றன. அவனது தொடக்ககால வெற்றியாகக் கல்வெட்டுகள் போற்றும் காந்தளூர்ச் சாலை நிகழ்வும் இக்கடற்கரையைச் சார்ந்ததே. அங்கு அவன் கலங்களை அழித்தானா அல்லது சாலையின் உணவு முறையை மாற்றினானா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

மேலைக் கடற்கரைத் துறைமுகங்களைத் தன் ஆதிக்கத்தின்கீழ் கொண்டுவந்த சோழப்படை பின்னர் ஈழத்தையும், ஆட்சியின் இறுதிக் காலத்தில் இன்றைய மாலத்தீவு எனக் கருதப்படும் பழந்தீவுகளையும் அடைந்தது. போர்களுக்கு இடையே நிலங்களை அளக்கச் செய்து வரி நிர்வாகத்தைச் சீரமைத்தான். நாகப்பட்டினத்தில் எழுப்பப்பட்ட பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயை வழங்கினான். தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் நிறைவுற்றது. சிற்பிகள், நடனமாதர், கணக்கர், விளக்கேற்றுவோர் எனப் பலரது பணிகளும் அங்கு கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

மகன் ராஜேந்திரனுக்கு முன்னதாகவே இளவரசுப் பட்டம் சூட்டி, 1014-இல் ராஜராஜன் மறைந்தான். தந்தை திறந்துவைத்த கடல்வழியில், மகனின் கப்பல்கள் பின்னாளில் கடாரம் வரை சென்றன.

திரையில் அவன் துறந்த மணிமுடியே பெரிதாகத் தெரிகிறது. முடிசூடிய பின் 29 ஆண்டுகள் அவன் ஆற்றியவற்றை அறிய, கல்வெட்டுகளைத்தான் நாட வேண்டியுள்ளது.